சொல்லாத பத்து நிமிடம்

சீட்டில் போட்டிருப்பது
இரண்டு பத்திலிருந்து இரண்டு நாற்பது.
இரண்டு ஐம்பது வரை விடலாம் என்பது
ஹைருல் காதோடு சொன்னது,
சேர்ந்த முதல் நாள்,
சாப்பாட்டு அறையில், கோழிச்சோற்றின் மேல் குனிந்து.
"யாருக்கும் சொல்லாதே.
சொன்னால் அதையும் நேரமென்று எடுத்துக்கொள்வார்கள்."

அப்படித்தான் ஒவ்வோர் அரைமணிக்கும்
என்னிடம் பத்து நிமிடம் இருக்கிறது.
சட்டைப்பைச் சில்லறை மாதிரி
தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி
செந்தோசா வெயிலில் நிற்கிறேன்,
பாம்பு ரயிலின் விரைவு வரிசை வாசலில்.

முந்தி வந்தவர்களுக்கும் சிவப்புதான்.
இதை யாரும் யோசிப்பதில்லை.
எட்டு நிமிடம் முன்னால் வந்த ஜகார்த்தா தம்பதி
ஓரமாய் ஒதுங்கி
கைபேசியில் எண் மாறுவதையே பார்த்திருந்தார்கள்,
பால் பொங்கக் காத்திருப்பவர்கள் போல.

காலையில்
ஒன்பது நிமிடம் பிந்திய கல்லூரிக் கூட்டத்தை விட்டேன்.
ஒருத்தனும் நன்றி சொல்லவில்லை.
தங்களுக்கு உரியது என்றே நினைத்திருப்பார்கள்.

இவர்கள் வந்தது இரண்டு ஐம்பத்திரண்டுக்கு.
அப்பா, அம்மா, ஒரு பையன்.
பையன் வந்ததும் வராததுமாய்
அளவுகோலில் முதுகை ஒட்டி நின்றான்.
நூற்று இருபத்தைந்துக்கு மேலே ஒரு விரல்.
போன டிசம்பரில் இரண்டு விரல் குறைந்ததாம்,
அம்மா சொன்னார்.
உயரம் வந்துவிட்டது.
கருவி சிவப்பாய்க் கத்தியது.

அப்பா என் பெயர்ப்பட்டையை
எழுத்துக்கூட்டிப் படித்தார். நித்திலன்.
அதுவரை ஆங்கிலத்தில் இருந்தவர்
தமிழுக்கு இறங்கினார்:
"தம்பி, நம்ம ஆளு. ரெண்டு நிமிஷம்தானே."

எனக்குத் திக்கென்றது.
அந்தப் பத்து எப்படித் தெரிந்தது இவருக்கு?
தெரியாது. வாயில் வந்த இரண்டு.
"பன்னிரண்டு" என்று திருத்தினேன்.
குரல் பிசிறியது.

"கருவிக்குத் தமிழ் தெரியாது சார்."
வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னேன்.
அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.
உனக்குத் தெரியுமே,
என்று அவர் சொல்லவில்லை.

சண்டை போட்டிருக்கலாம்.
ஈசூனிலிருந்து வருகிறோம், கழிப்பறையில் வரிசை,
என்று பாதி சொல்லி மீதியை விட்டுவிட்டார்.
பையன்தான் அளவுகோலை விட்டு வரமாட்டேன் என்றான்.
கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

மூன்று ஏழுக்கு மின்னல் எச்சரிக்கை.
ரயில் நின்றது. மழை சாய்த்துப் பெய்தது.
சரியாய் வந்தவர், முந்தி வந்தவர், பிந்தி வந்தவர்
எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ்,
ஈரத்தோளோடு ஈரத்தோள்.
வாக்கிடாக்கியில் ஹைருல்:
"எல்லாச் சீட்டையும் திறந்துவிடு.
எந்த நேரத்துச் சீட்டும் செல்லும்."

நாலரைக்கு மறுபடி ஓடியது.
காட்டியதெல்லாம் பச்சை.
காலை பத்தரைச் சீட்டு, பச்சை.
கசங்கி நனைந்து எண்ணே அழிந்தது, அதுவும் பச்சை.
ஒரு பெண்மணி தவறிப்போய்
உணவுக் கூப்பனை நீட்டினார். சிவப்பு.
ஏனோ நிம்மதியாக இருந்தது.

மூடும் வரை
அளவுகோலருகே வந்த தலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அந்நேரம் அவர்கள் ரயிலில் இருந்திருப்பார்கள்,
ஊட்ரம் பார்க்கோ, நொவீனாவோ தாண்டி.
மழை விட்டது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.
மற்றது தெரிந்திருக்காது.

கடைசி வேலை, அளவுகோலைத் துடைப்பது.
நூற்று இருபத்தைந்துக்கு ஒரு விரல் மேலே
எண்ணெய்த் தலையின் தடம்.
இன்று எத்தனையோ பையன்கள் நின்ற இடம்,
யாருடையது என்று சொல்ல முடியாது.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்
துடைத்தேன். துணியை மடித்தேன்.

மணி ஆறு பத்து.
என் வேலை ஆறோடு முடிந்திருந்தது.
யாரும் கேட்கவில்லை.