உயிர்ச் சான்று

நவம்பர். பர்லியாறில் மண்சரிவு.
காசாளர் ஹாலன் கோத்தகிரி சுற்றி வந்து
பத்தே முக்காலுக்குக் குல்லாவைப் பிழிகிறார்.
குன்னூர்க் கிளையின் ஜன்னலில்
மூடுபனி தானும் ஒரு டோக்கன் கேட்டு நிற்கிறது.

டோக்கன் முப்பத்தொன்பது: யூனிஸ் ராஸ்ட்ரிக்.
அது மேடைப் பெயர். கடவுச்சீட்டில் யூனிஸ் பெரேரா,
அப்பா ரயில்வே, பிறந்தது வெலிங்டன்,
வயது எண்பத்தாறு.
கைப்பையில் இங்கிலாந்திலிருந்து வந்த தாள்:
இவர் உயிரோடு இருப்பதை
யாராவது கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்,
இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.
நான்கு வருடமாக அந்த யாராவது, நான்.
சிவகாசிக்காரி.
பொங்கல் திடலில் ஒரே ஒரு நாடகம் பார்த்தேன்,
அதிலும் அரிச்சந்திரன் மயானம் போகுமுன் தூங்கிவிட்டேன்.

தொழில் என்ற கட்டத்தில் நடிகை என்று எழுத
ஹாலன் நிமிர்ந்தார். 'எந்தப் படம்?'
'படம் இல்லேப்பா. மேடை. அம்பத்திரண்டு வருஷம்.'

பதினெட்டு வயதில் கப்பலேறும்போது
கொண்டுபோன தமிழ் அது,
மடிப்புக் கலையாமல் திரும்பியிருக்கிறது.

'ஸ்கார்பரோவிலே வாரத்துக்கு ஒரு நாடகம்.
காலையிலே அடுத்த வாரத்துச் சாவை மனப்பாடம் பண்ணணும்,
ராத்திரி இந்த வாரத்துச் சாவைச் சாகணும்.
மாத்திப்போட்டு ஒருநாள்
கத்திக் குத்துக்கு விஷம் குடிச்சவளா இருமினேன்.

ஊர் எதுன்னா கார்ன்வால்னு சொல்வேன்.
கன்னத்துக்கு ரோஸ் பவுடர் ஒரு பூச்சு கூட.
அங்கே வெயில் ஜாஸ்தியோன்னா ஒரு வீட்டுக்காரி,
கெட்டிக்காரி, வாடகையை ஏத்திட்டா.

பாதிக் காலம் வேலைக்காரி வேஷம்தான்.
கதவைத் திற, டீத் தட்டை வை, போ.
அந்த டீ, கருக்கின சர்க்கரைத் தண்ணி!
இந்த மலையிலே பொறந்தவ நான், அதை
ஆவி பறக்கிற மாதிரி தூக்கிட்டுப் போகணும்.

லீட்ஸ்லே இருநூத்திப் பதினோரு ராத்திரி
ராணிக்கு மாத்தாள்.
முழு வசனமும் இங்கே, தொண்டையிலே.
அவளுக்கு ஒரு தும்மல் வரலே.'

பிறகு?
'பிறகு கிழவியானேன். வேஷமெல்லாம் வந்தது.
கண்ணில்லாத ராணி, நாலு சூனியக்காரி,
மகனை விஷம் வச்சுக் கொன்ன ஒரு சீமாட்டி.
எல்லாரும் கடைசி அங்கத்திலே செத்துடுவாங்க.'

'எப்படிச் சாவீங்கம்மா?' என்றார் ஹாலன்.
கேட்டிருக்கக் கூடாது.

அவர் விழவில்லை.
முதலில் விரல்கள் பேனாவை மறந்தன.
அது உருண்டு மேசை விளிம்பில் நின்று யோசித்து
விழுந்தது.
பிறகு ஏதோ ஒரு வீட்டில் விளக்குகளை
அறை அறையாக அணைத்துக்கொண்டு போகிறவரைப் போல
முகம்.
டோக்கன் நாற்பது கையெடுத்துக் கும்பிட்டது.
நகை அடகுக்கு வந்தவள் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.
கடைநிலை ஊழியர் சகாயம் தண்ணீருக்கு ஓடி
வெறும் டம்ளரோடு திரும்பினார்.
நான் எழுந்திருந்தேன். என் கையில் முத்திரை.

ஒரு கண் திறந்தது.
'மூச்சை ஒளிக்கிறதுதான் கஷ்டம்.
பின் வரிசையிலே கால் ரூபா டிக்கெட்காரன்
வயித்தையேதான் பார்ப்பான்.'

யார் முதலில் கைதட்டினார்கள் தெரியவில்லை.
அவர் எழவில்லை, குனியவில்லை,
அங்குதான் எவ்வளவு காலம் பழகியவர் என்று தெரிந்தது.
சத்தம் அடங்கும் வரை மேசை விரிப்பைப் பார்த்திருந்துவிட்டு
'எங்கே கையெழுத்து?' என்றார்.

மேற்படி நபர் இன்று என் முன் நேரில் தோன்றினார்.
தோன்றினார் என்ற இடத்தில்
என் பேனா கொஞ்சம் நின்றது.
முத்திரை மை காய்ந்திருந்தது, இரண்டு தரம் அழுத்தினேன்.

கதவு வரை போய்த் திரும்பினார். குடை.
'மேடையிலே இதைச் செஞ்சா சிரிப்பாங்க,' என்றார்,
எடுத்துக்கொண்டு போனார்.
ஹாலன் நாற்பதைக் கூப்பிட மறந்திருந்தார்.