ஏழாவது பாயின்ட்

ஹார்ட் டிஸ்க் இப்போதெல்லாம் இருமுகிறது.
செருகினால் முதலில் ஒரு டிக்,
கொஞ்சம் யோசனை,
பிறகு மனசு மாறித் திறக்கிறது:
ரிக்
ரிக்_புதுசு
ரிக்_கடைசி
ரிக்_கடைசி_இதுதான்

திருச்செங்கோட்டில் ஒரு போர் வண்டிக்குப் பின்னால்
ஸ்கூட்டியில் போனதில் ஆரம்பித்தது.
ஒரு ராடு இருபதடி.
படம் எடுக்காத நேரத்தில் ராடு எண்ணுவேன்.
நாற்பத்தைந்தாவது இறங்கும்போது
தோட்டத்துக்காரர் ராடு எண்ணுவதை விட்டுவிட்டு
வட்டியை எண்ண ஆரம்பித்திருப்பார்.

என்னிடம் புழுதி நிறைய இருக்கிறது.
வெள்ளைப் புழுதி, செம்புழுதி,
சங்ககிரிப் பக்கம் ஒரு ரோஸ் புழுதி,
அதற்குள் ஆட்கள், பல் மட்டும் தெரிய.
இல்லாதது தண்ணீர்.
ஆறு பாயின்டில் நான்கில் பீய்ச்சி அடித்தது.
நான்கிலும் நான் இல்லை.
ஒருமுறை பெருந்துறைக்குக் காதுகுத்து ஆல்பம் கொடுக்கப் போயிருந்தேன்.
ஒருமுறை கம்ப்ரஸர் வண்டிக்குப் பக்கத்திலேயே
பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.
"நெம்ப அசந்து தூங்குனீங்க,
எழுப்ப மனசு வல்லீங்க" என்றான் செங்கோட்டுவேல்.

நிதி தருவதாக இருந்தவர்கள் முடிவு என்னவென்று கேட்டார்கள்.
தண்ணீர் வரும் படம் கிடைத்ததும் அனுப்புகிறேன்
என்று எழுதினேன்.
மூன்று வருடம் அதே வரி,
மேலே தேதி மட்டும் வேறு.

ஏழாவது, காங்கயம் தாண்டி.
போன ஆனிக்கு முந்தின ஆனி, ராத்திரி ஒன்றே கால்.
சுக்ராமின் இடது கை
ராடுக்கும் கிளாம்புக்கும் நடுவில்.
கேமராவைச் சோளத்தட்டு மேல் வைத்துவிட்டு
துண்டில் சுற்றிய அந்தக் கையைப் பிடித்தபடியே
ஈரோடு வரைக்கும் போனேன்.
கேமரா இரண்டு நாள் கழித்து
பஸ்ஸில் கட்டைப்பையில் வந்தது.
கார்டைக் கம்ப்யூட்டரில் கொட்டினேன். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வளைகாப்பு, சீர், புதுமனை.
பந்தியில் யாராவது கேட்பார்கள்,
அந்தப் போர் வண்டி வேலை என்னாச்சு?
போயிட்டு இருக்குதுங்க.
காய்ந்த குழியை மூடாமல் விட்டால் கேஸ் போடுவார்கள்.
இதற்குக் கேஸ் இல்லை.

நேற்று புது நம்பர்.
"அக்கா, சுக்ராம். மொதலாளி சொல்றாரு
நான் அவரு வண்டியில வேலையே செய்யலையாம்.
நாமக்கல் வக்கீலம்மா கேக்குது,
போட்டோ இருக்குதா?"

வேண்டாமென்று தள்ளிய மூட்டையில் இருந்தது.
முகம் ஃபோகஸில் இல்லை.
வண்டியே சாய்ந்து நிற்கிறது.
ஃபிளாஷ் பட்டுப் புழுதி முழுக்க வெள்ளைப் பொத்தல்.
நம்பர் பிளேட் பளிச்.
நேரம் ஒன்று நாலு.
ராடைப் பிடித்திருக்கும் இடது கை.
எண்ணினேன்.
ஐந்து.
இன்னொரு தடவையும் எண்ணினேன்.

"போட்டோவா அனுப்பீராதீங்க, தேதி போயிரும்,
டாக்குமென்டுன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க,
அதுல போடுங்க" என்றார் வக்கீலம்மா.
எத்தனை விண்ணப்பத்தில் எழுதிய சொல்.
அழுத்தினேன்.

சுக்ராமுக்கும் ஒன்று அனுப்பினேன்.
ஒரே ஒரு டிக், வெகுநேரம்.
அவன் ஊரில் ஏரிக்கரை ஏறினால்தான் டவர்.
பொழுது சாய்ந்த பிறகு குரல் பதிவு வந்தது,
காற்றுச் சத்தத்தோடு:
"நல்லா இருக்குது அக்கா.
அந்தப் போர்ல
கடைசில தண்ணி வந்துச்சா?"

தெரியாது.
செங்கோட்டுவேலைக் கேட்க வேண்டும்.