கீழ்ப்பட்டை

மோகாவில், அரங்கத்தின் பின்பக்கம்,
மூங்கில் புதரை ஒட்டி நிற்கிறது எங்கள் ஒளிபரப்பு வண்டி.
உள்ளே ஐந்து திரை, நாலு பேர்,
ஓடுவதாக நம்பப்படும் ஒரு ஏ.சி.

என் வேலை எழுத்து.
யார் பாடுகிறார், என்ன ராகம், என்ன தாளம்,
திரையின் அடியில் ஒரு நீலப்பட்டையில் ஏற்ற வேண்டும்.
ஆறு நொடி நிற்கும். போய்விடும்.
பிரெஞ்சு எழுத்தில்தான். 'ழ' வந்தால்
நானே ஒரு முடிவு எடுத்துக்கொள்வேன்.
எங்கள் பெயரையும் அப்படித்தான் ஒரு குமாஸ்தா எழுதியிருக்கிறான்:
கப்பலிலிருந்து இறங்கிய எவனோ ஒரு சுப்பராயன்
சூப்ரயேன் ஆனான்.
நான் மரிலேன் சூப்ரயேன்.
கோபமில்லை. ஆறு நொடிக்கு எழுதியது
நூற்றைம்பது வருஷம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

சென்னைக்காரர்கள் கொடுத்த பட்டியலில்
மூன்றாவது உருப்படி கல்யாணி.
அந்த அம்மாள் கண்ணை மூடித் தொடங்கியது கல்யாணி இல்லை.
"பேர்?" என்றார் ஜெரார் என் காதுக்குள்.
அவருக்கு ராகம் தெரியாது. ஆனால்
எந்த இடத்தில் கை மேலே போகும் என்று
கைக்கு முன்னால் தெரியும்.
நான் சனிக்கிழமைகளில் ஆறு வருஷம் பாட்டு படித்தவள்.
காம்போதி போல இருந்தது.
ஹரிகாம்போதியாகவும் இருக்கலாம்.
ஏறும்போது 'நி'யைத் தொடுகிறாரா, தாண்டுகிறாரா
என்று கேட்க வேண்டிய அந்த நொடியில்
வெளியே யாரோ ஜெனரேட்டரை உதைத்தார்கள்.
"பேர், மரிலேன்."
"இருங்கள்."
ஒரு தீவே பார்த்துக்கொண்டிருக்கும்போது
பொய்யை அடிக்க விரல் வரவில்லை.
பட்டையைக் காலியாக விட்டேன்.

இரண்டாம் கேமரா கிளிஃபோர் வீரபென்.
வயலினுக்கு எப்போதும் தாமதமாகத்தான் போவான்.
அவன் போய்ச் சேர்கையில் அவர் வாசித்து முடித்து
மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.
தீவு முழுக்க அந்த மூக்கைப் பார்த்தது.

ஏழு பத்துக்கு வாக்வாவிலிருந்து தாள் வந்தது.
சூறாவளி, இரண்டாம் வகுப்பு எச்சரிக்கை.
காலியாக இருந்தது என் பட்டைதான்.
பாடிக்கொண்டிருந்த முகத்துக்கு அடியில்
பெரிய எழுத்தில் 'மிரேய்' என்று ஏற்றினேன்,
பின்னால் அது நிற்கும் இடம், வேகம், நகரும் திசை.
அவருக்கு எதுவும் தெரியாது. மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டு
ஒரு கையால் யாரையோ
மெல்ல உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு இருபத்தாறு. தனி ஆவர்த்தனம்.
ஏழரைக்குச் செய்தி. செய்தி எதற்காகவும் தள்ளிப்போகாது,
புயலே ஆனாலும் செய்திக்குள்தான் வந்தாக வேண்டும்.
மேடையோரம் நின்று நாலு விரல் காட்டினான் அல்வின்.
பிறகு மூன்று.
மிருதங்கக்காரர் அதைத்
திஸ்ரம் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ,
சிரித்துத் தலையாட்டி, மூன்றில் இறங்கினார்.

கோர்வை. முதல் தடவை.
இரண்டாம் தடவையின் நடுவில்
ஜெரார் பொத்தானை அமுக்கினார். சிவப்பு அணைந்தது.
வீடுகளில் கோட்டுப் போட்டவர் ஒருவர்
காகிதங்களைத் தட்டிச் சரிசெய்தார்.
எங்கள் திரையில் மட்டும் மூன்றாம் தடவை ஓடி
எடுப்பில் வந்து விழுந்தது.
கிளிஃபோர் அன்றைக்கு அப்போதுதான்
சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்தான்:
வலது கை, கறுப்பு வட்டம், முழுத்திரை.
யாருக்கும் போகாத ஷாட்.
ஜெரார் ஹெட்போனைக் கழற்றினார்.
"முடிந்ததா அது?"
"இப்போதுதான்."

மிரேய் வடக்கே விலகிப்போனது.
சேதம் என்று பார்த்தால் இரண்டு மூங்கில்.

செவ்வாய்க்கிழமை ரோஸ் பெல்லிலிருந்து ஒரு போன்.
பெயர் சொல்லவில்லை, பணிவான குரல்.
சனிக்கிழமை பாடிய அந்த மிரேய் ராகம்
எந்த மேளத்தில் பிறந்தது, அம்மா?
எங்கள் பக்கம் கேட்டதே இல்லை.

இருபத்தெட்டு என்றேன்.
காம்போதியானாலும் ஹரிகாம்போதியானாலும்
அது பொய்யில்லை.
இருங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்,
பேனா எழுதாமல் எதன் மேலோ கிறுக்கிப் பார்க்கும் சத்தம்,
நான் போனை வைக்காமல் இருந்தேன்.