பதினோராம் பக்கம்

சுன்னாகம் ஓட்டோத் தரிப்பிடத்தில்
பேப்பர் வாங்குகிறவன் நான் ஒருவன்தான்.
முதலில் மரண அறிவித்தல். அது ஊர் வழக்கம்.
எத்தனை மணிக்குக் கிரியை, எந்தச் சுடலை,
எனக்கு ஒரு சவாரி கிடைக்குமோ.
பிறகுதான் உலகம்.

வாசித்தால் எனக்கு வாய் சும்மா இராது.
"ஆசுப்பத்திரிக்கு மேலை குண்டு போட்டிருக்கிறாங்கள்.
முப்பத்தொரு பேர்."
குணசீலன் பல்லுக் குத்தியபடி கேட்பான்:
"நீ வாசிச்சு முடிய நிப்பாட்டிப் போடுவாங்களோ?"
எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கொஞ்சம்.
மீற்றரே ஓடாத ஒரு காலை
எந்தப் போரை நிறுத்தும்?

அவனுக்குப் பேப்பர் கண்ணாடி துடைக்க.
"துணியை விடத் திறம். நூல் ஒட்டாது."

மாசிப்பனி மூசிப் பெய்த ஒரு விடியல்,
என் மடியிலிருந்து ஒரு தாளை உருவிப் போய்
கண்ணாடியில் அப்பினான்.
ஈரத்தில் அது அப்படியே பிடித்துக்கொண்டது.
பதினோராம் பக்கம்.
நான் தாண்டி வந்த பக்கம்.
எறும்பு எழுத்தில் காணி அறிவித்தல்,
துண்டு இலக்கம், காணியின் பெயர்:
ஈச்சங்காடு. நாலு பரப்பு மூன்று குழி.

"டேய், உன்ரை மனிசியின்ரை சீதனக் காணிக்கு
என்ன பேர்?"

துடைக்கப் போன கை நின்றது.
விரல் வைத்து வாசித்தான்.
ஆட்சேபிக்க இன்னும் ஒன்பது நாள்.
காயத்தில் ஒட்டிய சீலையை எடுப்பதுபோல்
நகத்தால் ஓரம் ஓரமாய் உரித்தான்.

முப்பது வருசமாய்
முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடக்கிற காணி அது.
மாமன் வெட்டின கிணற்றில்
ஆரோ முகம் கழுவுகிறார்கள்.

பிரதேச செயலகத்தில் வரிசை.
உறுதி எங்கே?
இடப்பெயர்வில் துலைஞ்சு போச்சு.
துலைஞ்சதுக்குக் கடிதம் எங்கே?
ஐந்தாம் நாள் ஒரு முத்திரை குத்தி
"பார்ப்பம்" என்றார்கள்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.
கடலுக்கு அப்பால் ஆசுப்பத்திரியைக் கண்ட கண்
பக்கத்து ஓட்டோக்காரனின் காணியைக் காணவில்லை.
பிறகு வேறொன்றும் நினைவில் வந்தது.
ஏதோ ஒரு குளிர் நகரத்தில்
ஆரோ ஒருவர் கோப்பி குடித்தபடி
தாண்டிப் போன பதினோராம் பக்கம்
ஒருகாலம் நாங்கள்.
'இத்தனை பேர்' என்று போட்டிருப்பார்கள்.
அந்த இத்தனைக்குள் என்ரை அண்ணன்.
அவனுக்குப் பெயர் இராசகுலன்.
சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவன்.

செயலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.
குணசீலன் கண்ணாடி துடைக்கத் துணி வாங்கிவிட்டான்.
நூல் ஒட்டுதெண்டு ஒவ்வொரு நாளும் பேச்சு.

இன்று நான் வர முதலே
என் பேப்பரை அவன் பிரித்து வைத்திருந்தான்.
பல்லுக்குச்சி வாயில்.
"அந்த ஆசுப்பத்திரி," என்றான்,
"முப்பத்தெட்டாம் இப்ப."

மல்லாகத்துக்கு ஒருத்தி கை காட்டினாள்.
ஸ்ராட் பண்ணினேன்.