ஒன்பதாம் மேசை

முழங்கையை மேசையில் ஊன்று.
முஷ்டியை மடக்கு.
அதற்கு மேல் ஒரு கிளைகூட எழும்பக் கூடாது,
எதிரில் இருப்பவர் முகம் தெரிய வேண்டும்.
கிளெண்டா ரஃபூஸின் சட்டம் அது.
பதினான்கு மேசை அலங்காரம். பணம் கிடையாது.
"எல்லாம் காட்டில்தான் கிடக்கிறதே" என்றாள்,
காடு என்னவோ
அவள் சமையலறை அலமாரி மாதிரி.

மூன்று நாள் மழையில் பொறுக்கினேன்.
சரிவில் பைன் காய்கள்,
கடன் கேட்க வந்தவனைக் கண்ட கை போல
ஈரத்தில் இறுக மூடிக் கிடந்தன.
சேற்றுப் பள்ளத்தில் ஒரு புதர்
இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச்
செம்மணிகளை மட்டும் விடவில்லை.
லார்ச் ஊசிகள் பொன்னாகிக்
கழுத்துக்குள் கொட்டின.
ஓக் கொட்டைகளை ஓவனில் வாட்டினேன்,
இல்லாவிட்டால் விருந்துக்கு நடுவில் புழு வரும்.
மேப்பிள் இலைகளைச் செய்தித்தாளில் அடுக்கி
மேலே லாரியின் செத்த பேட்டரியை வைத்தேன்.
விரலில் ஏறிய பிசின்
சோப்புக்கு மசியவில்லை.
வெண்ணெய்க்கு மசிந்தது.

பதின்மூன்று மேசைக்குச் சட்டப்படி செய்தேன்:
பிர்ச் வட்டு, பாசி, கைக்கடக்கமான பூசணி,
தழும்பு விழுந்த ஆப்பிள் (தழும்பு கீழ்ப்பக்கம்).

ஒன்பதாவதில் கை நின்றது.
பெயர்ப் பட்டியலில்
எல்டன் ஸ்விக்கர். எதிரே வெர்னா.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
எல்லைக் கல் நாலடி நகர்ந்ததில்,
அல்லது நகராததில்
(யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது),
பதினோரு வருஷமாய் முகங்கொடுத்துப் பேச்சில்லை.
"வேறு நாற்காலி இல்லை" என்றாள் கிளெண்டா.

ஆகவே வேலி கட்டினேன்.
சுமாக் கொம்புகள், ஆல்டர் கிளை, காய்ந்த பெரணி,
களிமண்ணில் குத்தி, அடியைப் பாசியால் மூடி,
மூன்றடி உயரம்.
இலைமறை காய் என்பார்கள்.
இது இலைமறை அண்ணன்,
இலைமறை தங்கை.

சனிக்கிழமை மாலை
தீயணைப்பு வண்டிகளைக் குளிரில் நிறுத்திவிட்டு
அவற்றின் கொட்டகையில் நாங்கள் உட்கார்ந்தோம்.
டீசல் வாசனைக்கு மேல் வான்கோழி வாசனை.
புது பம்ப் வாங்க ஆளுக்குப் பதினெட்டு டாலர்.
ஹீட்டர் உறுமி அடங்கியது.
போதகர் கண்ணை மூடி நன்றி சொல்லத் தொடங்கினார்.

டிக்.

யாரோ நகம் கடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.
டிக். டிக்.
பதினான்கு மேசையிலும்
மூடிய காய்கள் சூட்டில்
செதில் செதிலாய்த் திறந்துகொண்டிருந்தன.
போதகர் ஒரு கண்ணைத் திறந்தார்.
ஒற்றை இறகு வைத்த விதைகள்
மசித்த கிழங்கில்,
எல்டனின் வழுக்கையில்.

ஆமென் சொன்ன பிறகு பார்த்தால்
கம்பளிப்பூச்சி ஒன்று,
இரு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்பு.
பனிக்காலம் முழுக்கத் தூங்கப் பாசிக்குள் படுத்தது,
வசந்தம் வந்துவிட்டதென்று எழுந்துவிட்டது.
கொட்டையை வாட்டினவள்
பாசியை மறந்திருக்கிறேன்.
வெர்னா பக்கத்திலிருந்து எல்டன் பக்கத்துக்கு
எந்தக் கல்லையும் கேட்காமல்
விரிப்பின் மேல் நடந்தது.

எல்டனுக்குப் புழு பூச்சி என்றால் ஆகாது.
ஊருக்குத் தெரியாது.
கூடப் பிறந்தவளுக்குத் தெரியும்.
என் வேலியை இரண்டு கையாலும் பிடித்து
ஒரு பக்கமாய்ச் சாய்த்தாள்.
காபிக் கோப்பையை அதன் மேல் கவிழ்த்தாள்.
"அசையாதே" என்றாள்.
பூச்சியிடம் சொன்னாளோ, அவரிடமோ.
எல்டன் அசையவில்லை.

கோப்பையை வெளியே கொண்டுபோய்த் திரும்பி வந்தாள்.
அதற்குப் பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை.
சாப்பிட்டார்கள்.
சுமாக் சாய்ந்தபடியே கிடந்தது,
அதன் செந்தூள் உப்புக் குடுவையில்.

பம்புக்குப் பணம் சேரவில்லை.
பிப்ரவரியில் இன்னொரு விருந்தாம்.
"அப்போது காட்டில் என்ன கிடக்கும்?" என்றேன்.
"பனி" என்றாள் கிளெண்டா,
தட்டு துடைத்தபடி.
"உயரத்தை மட்டும் பார்த்துக்கொள்."