பதினான்கு கெண்டி வெந்நீர்

டார்கானில் பிப்ரவரி.
கரா ஆறு அடிமணல் வரை உறைந்து கிடந்தது.
ஏப்ரல் வரை பொறுக்கலாமே என்றார் போதகர்.
அதுவரை நான் தாங்குவேனா தெரியாது
என்றான் செரெந்தோர்ஜ்.

ஆகவே, பிள்ளைகள் குதித்தாடும் காற்றடைத்த தொட்டி.
நீல நிறம். விளிம்பெல்லாம் சிரிக்கும் மீன்கள்.
ஓரிடத்தில் கசிந்தது.
தன் ஞானஸ்நானத் தொட்டிக்குத்
தானே பஞ்சர் ஒட்டினான் லாரிக்காரன்.

அடுப்பில் நான் கெண்டி வைத்தேன்.
ஒன்று, இரண்டு, பதினான்கு.
அவன் செய்த சத்தியங்களையும்
இப்படித்தான் எண்ணியிருக்கிறேன்.
ஒவ்வொன்றும் எத்தனை நாளில் ஆறியது என்பதும்
நினைவிருக்கிறது.

முழங்காலை மடக்கியும் உடம்பு அடங்கவில்லை.
தலை மூழ்கினால் பாதம் வெளியே,
பாதம் மூழ்கினால் தோள் வெளியே.
போதகர் இன்னொரு முறை அமுக்கினார்.
யாரோ சிரித்தார்கள். நானும்தான்.
எழுந்தவன்
ஈன்ற ஈரம் காயாத குட்டிபோல் நடுங்கினான்.

மறுநாள் விடியல், மைனஸ் முப்பத்தெட்டு.
எஞ்சின் கல்.
பழைய கெட்ட வார்த்தைகள் ஒன்று விடாமல் வந்தன.
இருக்கைக்கடியில் புட்டியைத் தேடிய கை
வெறுமையாய்த் திரும்பியது.
அதை நான் எடுக்கவில்லை.

சற்று நின்றான்.
பிறகு வண்டிக்கடியில் மல்லாந்து
ஊதுவிளக்கைப் பற்றவைத்தான்.

ஜன்னல் பனியைச் சுரண்டிப் பார்த்திருந்தேன்.
நீலத் தழல். அசையும் இரண்டு பூட்ஸ்கள்.
ஒரு மணி நேரம் கழித்து
எஞ்சின் இருமியது, நின்றது,
மறுபடி இருமியது.

பதினைந்தாவது கெண்டியை
அடுப்பில் ஏற்றினேன்.