பதினோரு நிமிடம்

இரவு 9.52.
ஸ்டேஷன் மாஸ்டர் போனில் தனி எண் சொன்னார்: நாற்பத்தேழு.
நான் பதிலுக்கு என்னுடையதைச் சொன்னேன்: இருபத்திரண்டு.
பதிவேட்டில் எழுதிவிட்டு விஞ்சைச் சுற்றினேன்.
நீடாமங்கலம் கேட் இறங்கியது.

கும்பகோணம் பஸ், இரண்டு நெல் லாரி,
அறுவடை மிஷினை ஏற்றிய டிரெய்லர்.
அதன் வாலில் சிக்கி ஒரு வாடகைக் கார்.

ஹாரனை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.
கல்யாணத்துக்குப் போகிறவன் விட்டுவிட்டு அடிப்பான்.
ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கையை எடுக்கமாட்டான்.
ஏர்போர்ட்டுக்குப் போகிறவன் அடிப்பதில்லை,
இறங்கி நடந்து வருவான்.

வந்தான்.
"அக்கா, பன்னெண்டு அம்பத்தஞ்சுக்கு பிளைட்டு."
"கூட்ஸ் வருது தம்பி."
"பதினொண்ணு அம்பத்தஞ்சுக்கெல்லாம் கவுண்டர மூடிடுவாங்க."
"நானும் மூடிட்டேன்."
சொன்ன பிறகு எனக்கே அது பிடிக்கவில்லை.

போனை நீட்டிக் காட்டினான்.
திருச்சி ஒரு புள்ளி, ஆக்லாந்து ஒரு புள்ளி,
நடுவில் முழுக்கக் கடல்.
பதினோராயிரத்து இருநூத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
சிங்கப்பூர்ல இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறி
எல்லாம் சேர்த்துப் பதினெட்டு மணி நேரம்.

"கோடு ஏன் வளைஞ்சிருக்கு?"
"அதான்க்கா நேர்கோடு. பூமி உருண்டைல்ல."
எனக்குத் தெரிந்த நேர்கோடு
தஞ்சாவூர்ப் பக்கம் போகிற இந்தத் தண்டவாளம்.
அதுவும் இருட்டில் வளைகிறதோ என்னவோ.

கொரடாச்சேரிப் பக்கத்து ஆள்.
அங்கே பண்ணையில் வேலை. நானூறு மாடு.
விடிய நாலு மணிக்கு மிஷினை மாட்டணுமாம்.
"அவங்க நாலு, நமக்கு ராத்திரி ஒம்பதரை.
இப்ப கறந்துகிட்டிருப்பாங்க" என்றான்
சட்டைப் பையைத் தடவியபடி.
பாஸ்போர்ட் இருந்தது. மறுபடி தடவினான்.

"பிளைட்டு போற வேகத்துல பாத்தா
பதினோரு நிமிஷங்கிறது நூத்து அறுபது கிலோமீட்டர்க்கா."
"இங்க பதினோரு நிமிஷங்கிறது நாப்பத்திரண்டு வேகன்."

வந்தது. குறுவை நெல்.
தார்ப்பாய் கட்டிய வேகன்கள்
நடக்கிற வேகத்தில் எங்களைக் கடந்தன.
அவனும் எண்ணினான். முப்பதில் தப்பவிட்டான்.
கடைசி வேகனில் எல்.வி. பலகை பார்த்து
கார்டுக்குப் பச்சை விளக்கு ஆட்டினேன்.

10.03. கேட் ஏறியது.
காருக்கு ஓடினான்.
முன்னால் டிரெய்லர், அது கிளம்பினால்தான் அவன் கிளம்ப முடியும்.
டிரெய்லர் டிரைவர் டீ வாங்கப் போயிருந்தான்.
நான் கேபினிலிருந்து கத்திய கத்தில்
டீயைக் கொட்டிவிட்டு வந்தான்.
என் வேலையில் அது சேர்த்தி இல்லை.

பதிவேட்டில் மூடிய நேரத்துக்கு ஒரு கட்டம்,
திறந்த நேரத்துக்கு ஒரு கட்டம்.
யார் நின்றார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது.

மணி ஒன்று தாண்டி
மூணாறு தலைப்பில் தண்ணீர் பிரிகிற சத்தம்
காற்று திரும்பும்போது மட்டும் கேட்டது.
தலைக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு
விட்டு விட்டு எரிந்துகொண்டு கிழக்கே போனது.
ஏழெட்டு கிலோமீட்டர் உயரம் இருக்கும்.
மன்னார்குடியை விடக் கிட்டே.

அதில் இருந்தானா,
தஞ்சாவூர் பைபாஸில் ஒதுங்கி நின்று
யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தானா,
நான் யாரைக் கேட்பேன்?

மறுபடி போன். தனி எண் அறுபத்தொன்று.
காலி ரேக் திரும்பி வருகிறது.
கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.
அந்தப் பக்கமும் இல்லை.
மூடினேன்.